பார்வைக் கௌதாரி

குப்பத்துக்குப் பக்கத்தில் சாந்திபுரம். சித்தூர் மாவட்டம் தெற்கே கர்நாடகத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் நடுவில் நுழைந்து நிற்கிற மூலை அது. தெலுங்கு, தமிழ், கன்னடம் மூன்றும் ஒரே டீக்கடை பெஞ்சில் கேட்கும். மல்பரித் தோட்டம், தக்காளிக் கொல்லை, அதைத் தாண்டினால் கரடும் புதர்க்காடும். இதுபோன்ற புதர்க்காடுகளில் அந்தக் காலத்தில் கௌதாரி பிடிப்பவர்கள் ஒரு பழக்கின கௌதாரியைக் கூண்டோடு கொண்டுபோய் வைப்பார்கள். சுற்றிலும் கண்ணி. கூண்டுக்குள் இருப்பது கத்தும். தன் எல்லைக்குள் எவனோ வந்துவிட்டான் என்று காட்டுக் கௌதாரி சண்டைக்கு ஓடிவரும். கண்ணியில் கால் மாட்டும். 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு இது குற்றம். ஆனால் உத்தி மிகப் பழையது. இப்படி இனத்தைக் காட்டி இனத்தைப் பிடிக்கப் பழக்கிய விலங்குக்குத் தமிழில் 'பார்வை' என்று பெயர். பெரும்பாணாற்றுப்படையில் எயினர் குடிசை முற்றத்து விளா மரத்தில் பார்வை மான் கட்டியிருக்கிறது.

நோயியல் ஆய்வகத்திலும் ஒரு பார்வைக் கௌதாரி இருக்கிறது. சிறுநீரில் உதிர்ந்து வரும் செல்களுக்கிடையே அது உட்கார்ந்திருக்கும். பார்த்த மாத்திரத்தில் புற்றுநோய்ச் செல் என்றே தோன்றும். பெரிய உட்கரு, அடர்ந்த நிறம், சுருங்கிய உடல். நம்பி ஓடினால் மருத்துவர் மாட்டுவார். அவர் பின்னால் நோயாளி மாட்டுவார். ஆங்கிலத்தில் 'டீகாய் செல்' என்பார்கள். நான் அதைப் பார்வைச் செல் என்றே எழுதப்போகிறேன்.

சாந்திபுரத்து விவசாயி ஒருவரை மனத்தில் வைத்துக்கொள்வோம். வயது ஐம்பது. சர்க்கரையும் இரத்த அழுத்தமும் சேர்ந்து சிறுநீரகங்களை அரித்துவிட்டன. இரண்டு வருஷம் டயாலிசிஸ். கடைசியில் மனைவியின் சிறுநீரகம் பொருந்தி, வேலூரில் மாற்று அறுவை நடந்தது. அவர் நான் உண்டாக்கிய ஆள். அவர் போன பாதை நிஜம். குப்பத்தில் ரயில் ஏறினால் ஜோலார்பேட்டை, வாணியம்பாடி, ஆம்பூர், குடியாத்தம், காட்பாடி. பாலாறு போகிற வழியும் ஏறக்குறைய இதுதான். கர்நாடகத்தில் பிறந்து, ஆந்திரத்தின் இந்த மூலையில் 33 கிலோமீட்டர் மட்டும் கடந்து, வாணியம்பாடிப் பக்கம் தமிழ்நாட்டுக்குள் இறங்கி வேலூரைத் தொடும். குப்பத்திலேயே இன்று மருத்துவக் கல்லூரி இருக்கிறது. திருப்பதியில் ஸ்விம்ஸ் மருத்துவமனை இருக்கிறது. இருந்தும் சிறுநீரகம் என்றால் இந்த ஊர்க்காரர்களின் கால் வேலூருக்குத் திரும்புவதற்கு அரை நூற்றாண்டுப் பழக்கம் காரணம். இந்தியாவில் சிறுநீரக மாற்று அறுவை முதன்முதலில் வெற்றியாக நடந்தது வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில்தான், 1971-ல்.

அந்த ஆண்டை நினைவில் வையுங்கள். திரும்ப வரப்போகிறோம்.

மாற்று அறுவை முடிந்து ஐந்தாவது மாதம். வழக்கமான சோதனையில் கிரியாட்டினின் சற்று ஏறியிருக்கிறது. சிறுநீரில் கண்ணுக்குத் தெரியாத அளவில் சிவப்பணுக்கள். மருத்துவர் யூரின் சைட்டாலஜி எழுதிக் கொடுக்கிறார். சிறுநீரில் உள்ள செல்களை நுண்ணோக்கியில் பார்க்கும் சோதனை. ஊசி இல்லை, மயக்கமருந்து இல்லை, ஒரு டப்பா மட்டும். ஆனால் அந்த டப்பாவை நிரப்புவதிலேயே பாதிச் சோதனை அடங்கியிருக்கிறது. நல்ல ஆய்வகமானால் அங்கிருக்கும் பெண் இப்படிச் சொல்லி அனுப்புவார்:

"அண்ணா, காலையில எழுந்ததும் போறது வேணாம். ராத்திரி பூரா பைக்குள்ளயே கிடந்து செல்லெல்லாம் ஊறிப்போயிருக்கும். ஒரு தடவை போயிட்டு, தண்ணி குடிச்சிட்டு, கொஞ்சம் நடங்க. அடுத்த தடவை போறதைப் பிடிச்சுக் கொண்டாங்க. கால் டப்பா பத்தாது, நல்லா நிறைய வேணும். பிடிச்ச உடனே கொடுத்துடணும்."

நம் ஊரில் மூத்திர சோதனை என்றாலே முதல் சிறுநீர் என்று மனத்தில் பதிந்திருக்கிறது. கர்ப்பம் பார்க்க அது சரி. செல் பார்க்க அது கூடாது. இரவு முழுக்க அமில நீரில் மிதந்த செல்லின் உட்கரு சிதைந்து கறுத்துவிடும். நல்ல செல்லே கெட்ட செல்லாகத் தெரியும். முப்பது மில்லிலிட்டருக்குக் குறைந்தால், 'ஒன்றும் இல்லை' என்று வரும் முடிவை நம்புவதும் கடினம். தொடர்ந்து மூன்று நாள் தனித்தனியாகக் கொடுத்தால் கண்ணில் படும் வாய்ப்பு கூடும். இவ்வளவையும் நோயாளிக்குப் புரிகிற மொழியில் சொல்ல ஒருவர் வேண்டும். சாந்திபுரத்துக்காரருக்குத் தெலுங்கிலும் தமிழிலும் கலந்துதான் சொல்ல வேண்டியிருக்கும். இந்தச் சோதனையின் தரம் முதலில் இந்தப் பேச்சில்தான் தீர்மானமாகிறது என்பேன். விலை உயர்ந்த நுண்ணோக்கி அதற்குப் பிறகுதான்.

டப்பா உள்ளே போகிறது. சிறுநீரைக் குழாய்களில் ஊற்றிப் பத்து நிமிஷம் சுழற்றுகிறார்கள். அடியில் ராகிக் கஞ்சி தெளிந்த பிறகு தங்கும் மண்டிபோல மெல்லிய படிவு. மேல்நீரைக் கொட்டிவிட்டு அந்தப் படிவை ஸ்லைடில் பரப்பி, ஈரம் காய்வதற்குள் 95 சதவீத ஆல்கஹாலில் போட வேண்டும். சில நொடி காற்றில் காய்ந்தாலும் உட்கரு வீங்கி விவரம் கலைந்துவிடும். பிறகு சாயம். ஹீமடாக்ஸிலின் உட்கருவை நீலமாக்கும். மற்ற சாயங்கள் செல்லின் உடலைப் பச்சையாகவும் இளஞ்சிவப்பாகவும் ஆரஞ்சாகவும் காட்டும். ஜார்ஜ் பாப்பனிகோலா வகுத்த முறை. கருப்பை வாய்ப் புற்றுக்கான பாப் சோதனையின் பெயரில் இருப்பவர் அவரே. விக்டர் மார்ஷல் என்ற சிறுநீரியல் மருத்துவரோடு சேர்ந்து அவர் 1945-ல் சிறுநீர்ப் படிவை வைத்துச் சிறுநீர்ப் பாதைப் புற்றைக் கண்டுபிடிப்பது பற்றி எழுதினார். அதற்கும் முன்பு, 1856-லேயே பிராக் நகரத்து வில்லெம் லாம்ப்ல் சிறுநீரில் புற்றுநோய்ச் செல்களைக் கண்டு எழுதியிருக்கிறார். நம் சித்த மருத்துவர்கள் நோயாளியின் சிறுநீரில் ஒரு சொட்டு நல்லெண்ணெய் விட்டு, அது பாம்பாக நீள்கிறதா, மோதிரமாக வளைகிறதா, முத்தாக நிற்கிறதா என்று பார்த்து வாத பித்த கபம் சொன்னார்கள். நீர்க்குறி, நெய்க்குறி. சிறுநீரை உற்றுப் பார்க்கும் பொறுமை நமக்குப் புதிதல்ல. அதில் உதிர்ந்து வரும் செல்லைப் பார்ப்பதுதான் புதிது.

நுண்ணோக்கியில் முதலில் தெரிவது குடைச் செல்கள். சிறுநீர்ப்பையின் உட்சுவரில் மேல் ஓடுபோல் கவிந்திருப்பவை. அகலமான உடல், இரண்டு மூன்று உட்கரு, அமைதியான முகம். இவற்றைப் பார்த்தால் பார்ப்பவருக்கும் மனம் அமைதியாகும். அடுத்து சில வெள்ளணுக்கள். பிறகு திடீரென்று அது.

ஒற்றையாகக் கிடக்கிறது. உட்கரு செல்லை ஏறக்குறைய முழுவதும் நிரப்பிவிட்டது. ஒரு பக்கம் மட்டும் செல்லின் உடல் வால்போல நீண்டிருப்பதால் வால்நட்சத்திரச் செல் என்றும் சொல்வார்கள். நிறம் அடர் ஊதா. இதுவரைக்கும் புற்றுநோய்ச் செல்லின் அங்க அடையாளம் அத்தனையும் பொருந்துகிறது. இனிமேல்தான் கண்ணின் வேலை. உட்கருவின் விளிம்பைப் பாருங்கள். கண்ணாடிக் கோலிக்குண்டின் விளிம்பு போல் வழவழப்பான வட்டம். உள்ளே பாருங்கள். குரோமட்டின் என்ற உட்கருப் பொருள் திரிதிரியாக இல்லை. தேய்த்த கண்ணாடி போல் ஒரே மங்கல். இருந்த குரோமட்டினை யாரோ ஓரத்துக்குத் தள்ளிவிட்டு நடுவை ஆக்கிரமித்த மாதிரி.

உண்மையும் அதுதான். ஆக்கிரமித்திருப்பது வைரஸ். ஒரு துகளின் குறுக்களவு சுமார் 45 நானோமீட்டர். உட்கருவுக்குள் அவை நெல்மூட்டை அடுக்கியது போல் வரிசைவரிசையாக அடுக்கப்பட்டிருக்கின்றன. நாம் ஒளி நுண்ணோக்கியில் காணும் அந்த மங்கல், தனித்தனியாகப் பார்க்க முடியாத அத்தனை கோடி துகள்களின் கூட்டுத் தோற்றம்.

புற்றுநோய்ச் செல் வேறு. அதன் உட்கரு விளிம்பு கோணலாகும், மடியும், ஓரிடம் தடித்து ஓரிடம் மெலியும். குரோமட்டின் கருமணல் அள்ளிப் போட்டதுபோல் கரடுமுரடாக, இங்கொரு கட்டி அங்கொரு கட்டியாக இருக்கும். ஒன்றைப் போல் மற்றொன்று இராது. பார்வைச் செல்கள் ஒரே அச்சில் வார்த்தவை. புற்றுநோய்ச் செல்கள் ஒவ்வொன்றும் தன் போக்கில் கெட்டவை. இந்த வித்தியாசம் எழுத்தில் எளிதாகத் தெரிகிறது. ஸ்லைடில் அப்படி இல்லை. பார்வைச் செல்லிலேயே ஒரு வகை உண்டு: அதில் தேய்த்த கண்ணாடித் தோற்றம் இராது, குரோமட்டின் கட்டிகட்டியாகத் திரண்டிருக்கும். பல வருஷம் பழகிய கண்ணையும் அது ஏமாற்றும்.

இந்தப் பெயரை வைத்தவர் பேராசிரியர் அல்ல. நியூயார்க் மெமோரியல் மருத்துவமனையில் 1950-களில் ஸ்லைடு பார்த்துக்கொண்டிருந்த ஆண்ட்ரூ ரிச்சி என்ற செல்நுட்பப் பணியாளர். புற்றுநோய்போல் தெரிந்து, ஆனால் நோயாளிக்குப் புற்று இல்லாமல் போன செல்களை அவர் அப்படி அழைத்தார். அவரோடு வேலை பார்த்த லியோபோல்ட் காஸ் இந்தப் பெயரை நூல்களில் நிலைநிறுத்தினார். அது வைரஸ் வேலை என்று அப்போது யாருக்கும் தெரியாது. நாள்முழுக்க ஸ்லைடைக் கண்ணால் தேய்ப்பவர்கள்தான் இப்படிப்பட்ட பெயர்களை வைக்கிறார்கள். அவர்கள் பேர் வெளியே தெரிவது அபூர்வம் என்பதாலேயே ரிச்சியின் பெயரை இங்கே எழுதுகிறேன்.

வைரஸ் வெளிப்பட்டது லண்டனில். சூடான் நாட்டிலிருந்து வந்து சிறுநீரக மாற்று அறுவை செய்துகொண்ட ஒருவருக்குச் சிறுநீர்க்குழாய் அடைத்துக்கொண்டது. அவர் சிறுநீரில் விசித்திரமான உட்கருவோடு செல்கள் கொட்டின. டல்சி கோல்மன் என்ற செல்லியல் மருத்துவர் அவற்றைப் பார்த்தார். சில்வியா கார்ட்னரும் ஆன் ஃபீல்டும் அதே சிறுநீரை மின்னணு நுண்ணோக்கியில் வைத்து வைரஸ் துகள்களைக் கண்டார்கள். நோயாளியின் பெயரின் முதலெழுத்துகள் பி.கே. வைரஸுக்கும் அதுவே பெயரானது. 1971 ஜூன் 19-ஆம் தேதி வந்த 'லான்செட்' இதழில் அந்தக் கட்டுரை 1253-ஆம் பக்கத்தில் தொடங்குகிறது. அதே இதழில் 1257-ஆம் பக்கத்தில், அமெரிக்காவின் விஸ்கான்சினிலிருந்து இன்னொரு கட்டுரை: மூளை நோயால் இறந்த ஒருவரின் மூளையிலிருந்து பிரித்தெடுத்த ஜே.சி. வைரஸ். இரண்டும் பாலியோமா என்ற ஒரே குடும்பம். நான்கு பக்க இடைவெளியில் சகோதரர்கள் இருவரும் உலகுக்கு அறிமுகமானார்கள்.

அதே 1971-ல்தான் வேலூரிலும் மாற்று சிறுநீரகம் வேலை செய்யத் தொடங்கியது. மாற்று சிறுநீரகம் தங்க வேண்டுமானால் உடலின் எதிர்ப்பு சக்தியை அடக்க வேண்டும். அடக்கினால் இந்த வைரஸ் விழிக்கும். மருந்தும் அதன் நிழலும் ஒன்றாகவே வந்து சேர்ந்தன.

பி.கே. வைரஸ் வெளியிலிருந்து வந்து தாக்குவதல்ல. உலகில் பெரியவர்களில் எண்பது சதவீதத்துக்கு மேற்பட்டவர்களின் இரத்தத்தில் அதற்கான எதிர்பொருள் இருக்கிறது. சிறு வயதில் சளி காய்ச்சல் அளவில், பல நேரம் அதுகூடத் தெரியாமல், உள்ளே நுழைகிறது. பிறகு சிறுநீரகத்திலும் சிறுநீர்ப் பாதையின் உட்சுவரிலும் போய்ப் படுத்துக்கொள்கிறது. ஆயுசு முழுக்கப் படுத்தே கிடக்கும். இதைப் படிக்கிற உங்களுக்குள்ளும் அநேகமாக இருக்கிறது. அதனால் கேடில்லை. டாக்ரோலிமஸ், மைக்கோஃபீனோலேட் போன்ற மருந்துகள் காவல்காரனைத் தூங்கவைக்கும்போது மட்டும் அது எழுந்து பெருகுகிறது. மாற்று அறுவை செய்துகொண்டவர்களில் மூன்றில் ஒருவருக்காவது சிறுநீரில் அது தலைகாட்டும். அவர்களில் சிலருக்கு இரத்தத்திலும் ஏறும். இன்னும் சிலருக்குப் புதிய சிறுநீரகத்தையே தாக்கும். மனைவி கொடுத்த சிறுநீரகம் வைரஸால் பாழாவதைப் பார்ப்பது எந்தக் குடும்பத்துக்கும் வரக்கூடாத துயரம்.

ஆகவே சிறுநீரில் பார்வைச் செல் தெரிந்தால் இரண்டு செய்திகள் உண்டு. ஒன்று, இது புற்று அல்ல. இரண்டு, வைரஸ் எழுந்துவிட்டது, இரத்தத்தில் அளவு பாருங்கள். இரத்த அளவை பிசிஆர் முறையில் பார்ப்பதே இன்று உலகெங்கும் பரிந்துரைக்கும் வழி. பார்வைச் செல் இல்லையென்றால் வைரஸ் சிறுநீரகத்தைத் தாக்கியிருக்க வாய்ப்பு மிகக் குறைவு என்று தைரியமாகச் சொல்லலாம். இருந்தால் தாக்கியேவிட்டது என்று சொல்ல முடியாது. பிசிஆர் இல்லாத ஊரில் ஒரு நுண்ணோக்கியும் தேர்ந்த கண்ணும் இந்த அளவுக்காவது முன்கூட்டிச் சொல்கின்றன. அது பெரிய உதவி.

இனி இந்த அத்தியாயத்தின் முடிச்சுக்கு வருகிறேன். பார்வைச் செல் புற்று அல்ல என்றேன். அந்த வைரஸுக்கும் புற்றுக்கும் தொடர்பே இல்லையா?

இதற்குப் பதில் தேடக் குரங்குகளிடம் போக வேண்டும். திருமலைப் படிகளில் கைப்பையைப் பிடுங்குகிற நாட்டுக்குரங்கு அல்ல; வட இந்தியாவின் செம்முகக் குரங்கு. 1950-களில் போலியோ தடுப்பூசி தயாரிக்கச் செம்முகக் குரங்குகளின் சிறுநீரகச் செல்கள் வேண்டியிருந்தன. இந்தியாவிலிருந்து கூட்டங்கூட்டமாக ஏற்றுமதியாயின. 1978-ல்தான் இந்தியா அந்த ஏற்றுமதியை நிறுத்தியது. 1960-ல் பென் ஸ்வீட்டும் மாரிஸ் ஹில்லமனும் அந்தச் செல்களில் யாரும் எதிர்பாராத ஒரு வைரஸ் ஒளிந்திருப்பதைக் கண்டார்கள். எஸ்வி40. அதுவும் பாலியோமா குடும்பம்தான், பி.கே.வுக்கு நெருங்கிய உறவு. எலி இனத்து ஹாம்ஸ்டர்களில் அது கட்டியை உண்டாக்கியது. தடுப்பூசி போட்ட குழந்தைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். புற்று கூடியதாகத் தெளிவான சான்று கிடைக்கவில்லை. ஆனால் அந்த வைரஸின் ஒரு புரதம், பெரிய டி ஆன்டிஜென், புற்றுநோய் ஆராய்ச்சியையே புரட்டிப்போட்டது. அந்தப் புரதம் செல்லுக்குள் எதைப் பிடித்துக்கொள்கிறது என்று தேடியபோது 1979-ல் கிடைத்ததுதான் பி53. செல்லுக்குள் தவறு நடந்தால் பிரிவை நிறுத்துகிற காவலாளி. மனிதப் புற்றுகளில் பாதிக்கு அருகில் கெட்டுப்போயிருக்கும் மரபணு அதுவே.

பி.கே. வைரஸுக்கும் பெரிய டி ஆன்டிஜென் உண்டு. அதுவும் பி53-ஐப் பிடித்துக் கட்டிவைக்கும். ஏன்? வைரஸுக்குச் சொந்தமாக டிஎன்ஏ நகலெடுக்கும் பட்டறை இல்லை. சும்மா படுத்திருக்கும் செல்லை எழுப்பி, பிரிவுக்குத் தயாராக்கி, அதன் பட்டறையில் தன் வேலையை முடித்துக்கொள்ளும். வேலை முடிந்ததும் செல் வெடித்துச் சாகும். செத்த செல்லுக்குப் புற்று வராது. பார்வைச் செல் புற்று ஆகாததற்குக் காரணம் இதுதான்: அது சாகப்போகிற செல்.

ஆபத்து எப்போது என்றால், வைரஸ் தன் வேலையை முடிக்க முடியாமல் போகும்போது. அதன் டிஎன்ஏ உடைந்து செல்லின் சொந்த டிஎன்ஏவுக்குள் செருகிக்கொண்டால், துகள்கள் உண்டாகா, செல் சாகாது. ஆனால் டி ஆன்டிஜென் மட்டும் ஓயாமல் உற்பத்தியாகும். காவலாளி கட்டிப்போடப்பட்ட நிலையில் செல் பிரிந்துகொண்டே போகும். சிறுநீரக மாற்று செய்தவர்களுக்கு வந்த சில சிறுநீர்ப்பைப் புற்றுகளில் நிஜமாகவே இப்படிக் காணப்படுகிறது. கட்டி முழுவதும் டி ஆன்டிஜென் நிறமேறுகிறது. பக்கத்து நல்ல திசுவில் ஏறவில்லை. அந்த நிறமேற்றத்துக்குப் பயன்படுவது எஸ்வி40-க்கு எதிராக உண்டாக்கிய எதிர்பொருள்தான். உறவு அவ்வளவு நெருக்கம் என்பதால் பி.கே.யையும் அது பிடித்துக்கொள்கிறது. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-ல் பி.கே., ஜே.சி. இரண்டையும் 'புற்று உண்டாக்கக்கூடும்' என்ற 2பி வகையில் சேர்த்தது. உறுதியான குற்றவாளி அல்ல, சந்தேக நபர்.

2022-ல் இங்கிலாந்தின் யார்க் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் இன்னொரு வழியைக் காட்டினார்கள். செல்லுக்கு அபோபெக் என்ற தற்காப்பு நொதிகள் உண்டு. வைரஸ் டிஎன்ஏவில் எழுத்துகளை மாற்றி அதைப் பாழாக்குவது அவற்றின் வேலை. பி.கே. தொற்றிய சிறுநீர்ப் பாதைச் செல்களில் இந்த நொதிகள் எழுந்து வீசும் கத்தி செல்லின் சொந்த டிஎன்ஏவிலும் படுகிறது. சிறுநீர்ப்பைப் புற்றுகளின் மரபணுத் தொகுதியில் அபோபெக்கின் தழும்பு ஏராளமாக இருப்பது முன்பே தெரியும். அப்படியானால் வைரஸ் வந்து காயப்படுத்திவிட்டு, சாட்சி இல்லாமல் போய்விட்டிருக்கலாம். பல வருஷம் கழித்துக் கட்டி எழும்போது அதில் வைரஸைத் தேடினால் கிடைக்காது. இது இன்னும் நிலைநாட்டப்பட வேண்டிய கருத்து. ஆனால் எனக்கு இது முக்கியமாகப் படுகிறது. இவ்வளவு நாள் நாம் கட்டியில் வைரஸைத் தேடி, இல்லை என்றவுடன் வைரஸை விடுவித்துவிட்டோம். திருடனைத் திருட்டு நடந்த வீட்டிலேயே தேடுவதுபோல் ஆகிவிட்டது.

அளவு தவறிவிடக் கூடாது. சிறுநீர்ப்பைப் புற்றின் பெரும் காரணம் இன்றும் புகையிலைதான், பீடியும் சிகரெட்டும். அடுத்து சில தொழிற்சாலைச் சாயப்பொருள்கள். 1895-லேயே ஃபிராங்க்ஃபர்ட்டில் லுட்விக் ரேன் சாயத் தொழிலாளர்களிடம் இதைக் கண்டு சொன்னார். வைரஸ் வழி வருவது, பெரும்பாலும் எதிர்ப்பு சக்தியை அடக்கியவர்களின் பிரச்சினை. எச்பிவி வைரஸைப் பற்றியும் கேட்பார்கள். கருப்பை வாய், ஆண்குறிப் புற்றுகளில் அதன் குற்றம் நிரூபணமானது. கருப்பை வாயில் அதைக் கண்டறிந்த ஹரால்ட் ட்சூர் ஹவுசனுக்கு 2008-ல் நோபல் பரிசே கிடைத்தது. சிறுநீர்ப்பையில் அதன் பங்கு அவ்வளவு உறுதியில்லை. பெண்களின் சிறுநீரில் எச்பிவி அடையாளமுள்ள செல் தெரிந்தால், அது பிறப்புறுப்பிலிருந்து கழுவி வந்து சேர்ந்ததாகவே பெரும்பாலும் இருக்கும். அதை எழுதாமல் விட்டுவிடக் கூடாது. கருப்பை வாயைப் பரிசோதிக்கச் சொல்லும் வாய்ப்பு அது.

பிறகு, சிறுநீர்ச் செல் சோதனையின் பலவீனம். முரட்டுப் புற்றுகளை அது நன்றாகப் பிடிக்கும். மெதுவாக வளரும் சாதுவான கட்டிகளைப் பெரும்பாலும் தவறவிடும். அவற்றின் செல் நல்ல செல்லைப் போலவே இருக்கும். 2013-ல் பாரிஸில் கூடிய செல்லியலாளர்கள் இந்த உண்மையை ஒளிவுமறைவில்லாமல் ஏற்றுக்கொண்டு, நம் வேலை முரட்டுப் புற்றைத் தவறவிடாமல் இருப்பது என்று வகுத்தார்கள். 2016-ல் நூலாக வந்த பாரிஸ் முறை, உட்கரு செல்லில் பத்தில் ஏழு பங்குக்கு மேல் நிரப்பியிருக்க வேண்டும், நிறம் அடர்ந்திருக்க வேண்டும், விளிம்பு கோணலாகவோ குரோமட்டின் கரடுமுரடாகவோ இருக்க வேண்டும் என்று அளவுகோல் வைத்தது. பாலியோமா வைரஸ் மாற்றத்தைப் 'புற்று இல்லை' என்ற வகையில் சேர்த்தது. அதற்கு முன்பு புரியாத செல் எதுவானாலும் 'இயல்பு மாறிய செல்' என்று எழுதித் தப்பிப்பது பரவலான பழக்கம். பெரிய நகரத்து நோயாளி அந்த வார்த்தையோடு அடுத்த வாரம் மருத்துவரைப் பார்த்துவிடுவார். சாந்திபுரத்துக்காரருக்கு அந்த ஒரு வார்த்தை இரண்டு நாள் கூலி இழப்பு, ரயில், லாட்ஜ், சிறுநீர்ப்பைக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் ஸ்கோப்பி, மகளின் அழுகை.

இதையெல்லாம் தவிர்க்க மிக மலிவான மருந்து ஒன்று உண்டு. சோதனைச் சீட்டில் 'சிறுநீரக மாற்று செய்தவர், ஐந்தாவது மாதம்' என்று ஒரு வரி. அந்த வரி இல்லாமல் வரும் சீட்டுகள் ஏராளம். வயது, பெயர், 'யூரின் சைட்டாலஜி', கையெழுத்து. அவ்வளவுதான். ஸ்லைடு பார்ப்பவர் இருட்டில் நிற்கிறார். எழுதுபவருக்குப் பத்து நொடி ஆகும் வேலை இது. தெரிந்தவர்கள் நோயாளியாக இருந்தால், நீங்களே கேட்டு எழுதச் சொல்லுங்கள்.

நம் விவசாயியின் சீட்டில் அந்த வரி இருந்தது. முடிவு: 'முரட்டுப் புற்றுக்கான செல்கள் இல்லை. பாலியோமா வைரஸ் மாற்றம் காணப்படுகிறது. இரத்தத்தில் பி.கே. வைரஸ் அளவு பார்க்கவும்.' பார்த்தார்கள்; ஏறியிருந்தது. இந்த வைரஸுக்கென்று நிரூபணமான மருந்து இல்லை. எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்தின் அளவைக் குறைத்து, உடல் தானே அடக்கட்டும் என்று காத்திருப்பதே வழி. அதிகம் குறைத்தால் உடல் சிறுநீரகத்தையே நிராகரிக்கும். கயிற்றின் மேல் நடை. வாரம் வாரம் கிரியாட்டினின், மாதம் மாதம் வைரஸ் அளவு. "நைனா, மாத்திரையைக் குறைச்சா நல்லதுதானே, ஏன் பயப்படறே?" என்று மகள் கேட்கிறாள். அவர் பதில் சொல்லவில்லை.

மூன்று மாதம் கழித்து மறுபடியும் ஒரு டப்பா. இரண்டாவது சிறுநீர், நிறைய. ஸ்லைடில் குடைச் செல்கள் அமைதியாகக் கிடக்கின்றன. முன்பு ஒரு பார்வைப்புலத்தில் நாலைந்து தெரிந்த பார்வைச் செல், இப்போது ஸ்லைடு முழுக்கத் தேடி மூன்றுதான். வழவழப்பான வட்டம், தேய்த்த கண்ணாடி. ஸ்லைடு பார்க்கும் பெண் அவற்றைக் கடந்து போகிறார். இடது ஓரத்தில், சிவப்பணுக்களுக்கு நடுவே, இன்னொன்று. உட்கரு பெரிது. விளிம்பில் ஓரிடத்தில் ஒரு சிறு மடிப்பு. லென்ஸை மாற்றி, நுண்திருகை மேலும் கீழும் திருப்பிப் பார்க்கிறார். மடிப்பா, செல் சுருங்கியதில் வந்த நிழலா? இன்னும் ஒரு தடவை திருப்புகிறார். பிறகு கறுப்பு மசியால் அந்தச் செல்லுக்குப் பக்கத்தில் கண்ணாடியில் ஒரு புள்ளி வைத்து, ஸ்லைடை எடுத்துக்கொண்டு மூத்த மருத்துவரின் மேசைக்கு நடக்கிறார்.